பாட்டில்லாத வீடியோ

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் மூன்று தோழிகளும் சேர்ந்து வெளியே போவதே அபூர்வம். அதனால் போன மாதம் ஒகேனக்கல் போனபோது, அந்த நாளை மறக்க முடியாததாக்கிவிட வேண்டும் என்று துடித்தேன். மூவருக்கும் ஒரே நிறத்தில் சேலை எடுத்தேன். செல்வியையும் மேரியையும் பரிசலில் ஏற்றிவிட்டு, வீடியோ எடுக்க நான் கரைப் பாறையிலேயே நின்றுகொண்டேன்.

ஒரு தடவையாவது கேமராவைப் பார்த்தார்களா? சாரலில் நனைந்தபடி, தங்களுக்குள் எதையோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

பரிசல் கரைக்கு வந்ததும் மேரி, "நீயும் ஏறுடி, இன்னொரு சுத்து போலாம்" என்றாள்.

"இதையே ஒழுங்கா எடுக்க வுடல. இதுல இன்னொரு சுத்தா?" என்று சீறினேன்.

திரும்பும் பஸ்ஸில், பென்னாகரம் தாண்டியும் அவர்கள் சிரிப்பு ஓயவில்லை.

"என்னன்னு எனக்கும் சொல்லுங்கடி."

"சொன்னா சிரிப்பு வராதுடி. நீ அங்க இருந்திருக்கணும்" என்றாள் செல்வி.

இரண்டு ஈரச் சேலைகளுக்கு நடுவே என் சேலை மட்டும் மொடமொடவென்று இருந்தது.

அந்த வீடியோவுக்குப் பாட்டுச் சேர்த்து இருவருக்கும் அனுப்பினேன். பிறகும் மனசு கேட்கவில்லை. அந்தச் சிரிப்பையாவது கேட்கலாம் என்று பாட்டை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் இரைச்சலுக்கு மேலே ஒரே ஒரு குரல்தான் கேட்டது. "இந்தப் பக்கம் பாருங்கடி!" என்று கடைசிவரை கத்திக்கொண்டிருந்தேன் நான்.