அம்சா வாங்கிய பிழைத்திருத்தல் பத்திரம்

திண்டிவனத்து வீடு அம்சாவின் பேரில்தான் இருந்தது. வாங்கும்போதே கணவர் கண்ணையன் அப்படித்தான் எழுதச் சொன்னார். லாரி ஓட்டுகிறவன் உயிருக்கு என்ன உத்தரவாதம் என்பது அவர் வாதம். அம்சாவும் பதிவு அலுவலகத்துக்குப் போய், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அதன் பிறகு வீட்டு வரி, கரண்ட் பில் எல்லாம் கண்ணையன் பாடு. தன் பேரில் இருக்கும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஐம்பத்தாறு வயது வரை அவள் படித்துப் பார்த்ததில்லை.

கண்ணையன் லாரி ஓட்டுவதை நிறுத்தியதும் இருவருக்கும் ஓர் ஆசை வந்தது. கோலியனூரில் அம்சாவின் அப்பா கொடுத்த நிலம் குத்தகையில் இருந்தது. அதைத் தாங்களே பார்த்து, கேப்பையும், அந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும் போட்டு, ஓரமாகச் சின்ன வீடு ஒன்று கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். ஓசூரில் இருக்கும் மகள் சித்ராவும் சரி என்றாள். திண்டிவனத்து வீட்டை வாங்க ரஞ்சித் என்பவர் வந்தார். மருத்துவமனை லேபில் வேலை செய்கிறவர். வீடு அவருக்குப் பிடித்துப்போனது. வங்கிக் கடன் போடுவதால் வங்கி வக்கீல் காகிதங்களைப் பார்க்க வேண்டும் என்றார்.

பீரோவிலிருந்து பத்திரத்தை வெளியே எடுத்த அதே வாரம் கண்ணையன் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு கட்டிலில் படுத்தபடி, தான் எழுந்து நடக்கும்வரை ரஞ்சித்தைப் பொறுத்திருக்கச் சொன்னார். அம்சாவுக்கு அது சரியாகப் படவில்லை. பத்திரத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு தானே கிளம்பினாள்.

முதலில் வில்லங்கச் சான்று வாங்கினாள். வீட்டின் மேல் கடனோ வழக்கோ இல்லை என்று தன் பேரோடு அச்சடித்து வந்ததைப் பார்த்தபோது, சொல்லத் தெரியாத ஒரு பெருமை அவளுக்கு. பேருந்தில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தாள். வரி ரசீது, பட்டா நகல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கவுன்டரில் கோபித்துக்கொண்டவர்களிடம்கூட, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

வக்கீல்தான் பிழையைக் கண்டுபிடித்தார். வீடு நிற்பது சர்வே நம்பரில் 3பி உட்பிரிவில். பட்டாவிலும் அப்படித்தான் இருந்தது. பத்திரத்தில் மட்டும் 3ஏ என்று விழுந்திருந்தது. எழுதியவர் கைப்பிழை. பிழைத்திருத்தல் பத்திரம் போட்டால் சரியாகிவிடும், ஆனால் அன்று இடத்தை விற்றவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

விற்றவர் சவுரிராயன். எண்பதை நெருங்கியவர், விழுப்புரத்தில் மகள் அருள்ராணி வீட்டில் இருந்தார். அம்சா தேடிப் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது.

"வித்தது வித்ததுதாம்மா. மறுபடியும் கையெழுத்துன்னா எனக்கு பயமா இருக்குது" என்றார்.

யாரோ ஒருவருக்கு நம்பிப் போட்ட கையெழுத்துக்காகப் பல வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தவர் அவர் என்று வாசல்வரை வந்த அருள்ராணி வருத்தத்தோடு சொன்னாள். அம்சாவுக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் தானும் போட்டிருக்க மாட்டோம் என்றுதான் நினைத்தாள்.

வீட்டில் கண்ணையன் பேஜாராகிவிட்டார். கையில் ஏதாவது கொடுத்தால் பெரியவர் போட்டுவிடுவார் என்று வீட்டை விற்றுக்கொடுக்கும் புரோக்கர் வேறு சொல்லியிருந்தார்.

"காசு குடுத்தா அவருக்கு சந்தேகம் இன்னும் ஜாஸ்திதாங்க ஆவும்" என்றாள் அம்சா.

மறுவாரம் திருத்தப் பத்திரத்தின் நகலோடு மறுபடி போனாள். பெரியவருக்குப் பார்வை மங்கல். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தாள். நகலை அங்கேயே வைத்து, தெரிந்த வக்கீல் யாரிடமாவது காட்டச் சொல்லிவிட்டு எழுந்தாள். அப்போதுதான் அவர், கையெழுத்துப் போடுவதற்கு முன் இடத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அருள்ராணி அவரைத் திண்டிவனத்துக்கு அழைத்து வந்தாள். அவர் தடியை ஊன்றிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். கிழக்குப் பக்கத்து மதிலருகே நின்று கையை நீட்டினார்.

"இதுதான் நான் வித்த எடம். செவுத்துக்கு அந்தாண்ட எங்க அண்ணன் பாகம். அது இன்னா நம்பரு?"

"அதுதாங்க 3ஏ" என்றாள் அம்சா.

பெரியவர் தடியால் மதிலை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அப்ப இத்தினி வருசமா எங்க அண்ணன் எடத்த வித்தவனா நான் நின்னுக்கினு இருக்கேன். ஏம்மா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? ஜல்தியா எழுது. அவன் புள்ளைங்க பாத்தா என்னத்தான் கேப்பாங்க."

ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த கண்ணையன் கட்டிலில் இருந்தபடியே சிரித்தார். அன்று எல்லாரும் அங்கேயே சாப்பிட்டார்கள். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று பெரியவர் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

பதிவு அலுவலகத்தில் அவருடைய விரல் ரேகை எளிதில் விழவில்லை. அம்சா தன் முந்தானையால் விரலைத் துடைத்துவிட்டாள், அதன்பின் விழுந்தது. திருத்தம் பதிவாகி வந்த அடுத்த மாதமே ரஞ்சித்துக்குக் கடன் கிடைத்து வீடு கைமாறியது. கிரயப் பத்திரத்தை எழுத்தர் நீட்டியபோது, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்த பிறகே அம்சா கையெழுத்துப் போட்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

இப்போது கோலியனூரில் வீட்டுக்குத் தளம் போட்டாகிவிட்டது. வயலில் மல்லாட்டை பூ விட்டிருக்கிறது. கண்ணையன் கால் சரியாகி வரப்பில் நடக்கிறார். ஆனாலும் மோட்டாருக்குக் கரண்ட் கேட்டு விழுப்புரத்துக்குப் போய்வருவது அம்சாதான்.

"அவரு போனா சண்ட போட்டுக்கினு வந்துடுவாரு" என்கிறாள். பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அந்தப் பயணம் அவளுக்கு இன்னும் பிடித்துப்போகிறது.