அம்மன் என்னைச் சொல்ல வைத்த திங்கட்கிழமை

போன ஆவணியில் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்த தப்பு அப்படி. அம்மன் அடியார்களாகிய உங்களிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன்.

நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறார். நான் கண்டி மஹய்யாவையில் சித்தி வீட்டில் தங்கிப் பல்கலைக்கழகம் போகிறேன். கொழுந்து பறிக்கும் பெண்களின் காலைச் சாப்பாடுதான் என் இறுதி வருட ஆய்வு. அறுபது பேரைச் சந்திக்க வேண்டும். முப்பத்தைந்து பேரைத்தான் முடித்திருந்தேன். அதற்குள் மாணவர் ஆய்வரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் கடைசி நாள், ஒரு வியாழக்கிழமை, வந்துவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அறுபது பேரையும் சந்தித்ததாக எழுதினேன். பாதிப்பேர் சாப்பிடாமல் போகிறார்கள் என்று தெரியும். ஏன் என்று யாரையும் கேட்டதில்லை. முந்தைய வருடத்து அக்காமார் எழுதியிருந்தது போலவே, சத்துணவு பற்றிய அறியாமைதான் காரணம், விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று முடித்தேன். மிச்சப் பேரைச் சனிக்கிழமை பார்த்தால் போகிறது, பதில் மாறவா போகிறது என்று ஒரு திமிர். என்னை நம்பி, ஆய்வுக்கு வழிகாட்டும் மேடமும் தன் பெயரைச் சேர்த்து அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் போனேன். முதல் வீட்டு ராணி அக்காவிடம், ஏன் சாப்பிடாமல் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“என்ன சாப்புடணும்னு எங்களுக்குத் தெரியாதா கண்ணு? நாலு மணிக்கு எந்திரிச்சு ரொட்டி சுட்டா, புள்ளைங்களுக்குக் கட்டிக் குடுக்கவே சரியா இருக்கும். சின்னதப் புள்ளைக்காம்பரா ஆயாகிட்ட விட்டுட்டு, வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடணும். ஒரு பிளேன்டியக் குடிச்சிட்டுப் போறதுதான். ஒங்கம்மா மட்டும் என்னத்தச் சாப்புட்டுப் போச்சாம்?”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அம்மா பால் விடாத அந்தப் பிளேன்டியோடு மட்டும் கொழுந்து மலைக்குப் போவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அவர் சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். அந்த அம்மாவைத்தான் ஒன்றும் தெரியாதவர் என்று எழுதி அனுப்பியிருந்தேன்.

அன்றும் மறுநாளும் போன வீடெல்லாம் ஏறக்குறைய இதே பதில். வெளியே தெரிந்தால் பட்டம் போகும், மேடத்தின் பெயரும் கெடும். ஞாயிறு மாலை தோட்டத்து மாரியம்மன் முன்னால் நின்றேன். இது யாருக்கும் தெரியாமல் போகட்டும் தாயே என்று வேண்டத்தான் போனேன். பக்கத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “எம் புள்ள படிப்ப நல்லபடியா முடிச்சு வையி தாயி” என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. அழுதேன். பிறகு, என்னைச் சொல்ல வை என்று மட்டும் கேட்டேன்.

திங்கட்கிழமை மேடத்தின் அறைக்குப் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். கதிரையில் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்கத்தைத் திருப்பி எடுத்துவிடுங்கள் என்றேன்.

“உம்மை நம்பித்தானே பிள்ளை நான் பேர் போட்டனான்?” என்றார். பிறகு கணினியை என் பக்கம் திருப்பினார். “இதை வாசியும்.”

கடைசி நாளை ஒரு வாரம் தள்ளியிருக்கிறோம், அனுப்பியவர்களும் திருத்தலாம் என்று ஆய்வரங்குக் குழுவிடமிருந்து ஒரு மின்னஞ்சல். வெள்ளிக்கிழமையே வந்திருக்கிறது, மேடத்துக்கு மட்டும்.

“முதல் பார்த்த ஆக்களையும் திரும்பப் போய்க் கேளும். கேட்டதை மட்டும் எழுதும்” என்றார்.

தேதி தள்ளிப்போவது வழக்கம்தானே என்பீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் அந்த மின்னஞ்சல் எனக்கு வந்திருந்தால் சத்தமில்லாமல் திருத்திவிட்டு இருந்திருப்பேன். யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டேன். அதை என் கண்ணில் படாமல் வைத்து, முதலில் என்னைச் சொல்ல வைத்தாள் தாய்.

வியாழன் வரை தினமும் வகுப்பு முடிந்ததும் தெல்தோட்டை பஸ் ஏறினேன். வேலை விட்டு வந்த களைப்போடு அம்மாவும் என்னோடு வீடு வீடாக வந்தார். சுருக்கம் தேர்வானது. மேடையில் அறுபது பெண்களைச் சந்தித்தோம் என்று சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை. இப்போது தோட்டத்துக்குப் போகும் நாட்களில் நான்தான் எழுந்து ரொட்டி சுடுகிறேன். அம்மா சாப்பிட்டுவிட்டுத்தான் மலைக்குப் போகிறார்.

உங்களில் யாராவது என்னைப் போல ஒன்றைச் செய்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தால், அதை மறைத்துத் தரச் சொல்லி அம்மனிடம் கேட்காதீர்கள். சொல்ல வாய் கொடு என்று கேளுங்கள். எனக்குக் கொடுத்தாள்.