டம்ளரில் இருந்த பல்

காலை ஆறு மணி பத்து நிமிடம். ஆஸ்பத்திரி அறையில் கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீருக்கு அடியில் கிடந்த அப்பாவின் பல் செட்டை. மேல் தாடைக்கு நான்கு பல், இளஞ்சிவப்புத் தகடு, இரண்டு முனையிலும் கொக்கி போல வளைந்த கம்பி. வாய்க்கு வெளியே அதை அதுவரை நான் பார்த்ததில்லை. அம்மா உயிரோடு இருந்தவரை அவரும் பார்த்ததில்லை என்றுதான் சொல்வார். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்போடு சேருகிற இடத்தில் தொடை எலும்பு முறிந்திருந்தது. இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்; முதுகெலும்பும் வளைந்துவிட்டது. அதனால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்ய முடியாது, முழு மயக்கம்தான் என்றார்கள். சேலத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் மயக்க மருந்து டாக்டர் முந்தின நாள் மாலை வந்து பார்த்தார். முப்பதைத் தாண்டாத பெண்.

"தாத்தா, வாயை நல்லாத் திறங்க. நாக்கை நீட்டுங்க. இப்ப மேல பார்த்தாப்பல கழுத்தைத் தூக்குங்க."

கழுத்து பாதிகூட மேலே போகவில்லை.

"கொரவளையப் பாத்து ஜோசியஞ் சொல்லுவியா சாமி?" என்றார் அப்பா.

"ஜோசியந்தானுங்க தாத்தா. காத்து போற வழி எப்படியிருக்குன்னு பாக்கறேன்." விரலை விட்டுத் தகட்டைத் தொட்டுப் பார்த்தவர், "இதைக் காலையில கழட்டிடணும்" என்றார். அப்பா சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து எனக்கு விளக்கினார். மயக்க மருந்து கொடுத்ததும் நோயாளி தானாக மூச்சு விட மாட்டார். மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்தி, இயந்திரம்தான் காற்றைக் கொடுக்கும். வயதானவர்களுக்குக் கழுத்து வளையாது, தாடை இறுகியிருக்கும், கன்னம் ஒட்டிப்போயிருப்பதால் முகத்தில் வைக்கிற மாஸ்க் பொருந்தாமல் காற்று கசியும். சேமிப்பில் இருக்கிற மூச்சும் குறைவு. இளைஞனுக்குக் கிடைக்கிற அவகாசம் இவர்களுக்குக் கிடையாது.

"குரலுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு நாள் கரகரப்பு இருக்கும். அவ்வளவுதான்."

குரலைப் பற்றி நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பக்கம் பத்திரிகை கொடுத்தால் மட்டும் அழைத்ததாக ஆகாது. குடும்பத்தில் மூத்தவர் வீடு வீடாகப் போய், வெற்றிலை பாக்கு வைத்து, வாயால் அழைக்க வேண்டும். அப்பா அதைப் பதவி போல வைத்திருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை வட மாநிலங்களுக்கு அனுப்பிவிட்டு, திருச்செங்கோட்டில் உட்கார்ந்து போனிலேயே நடத்தியவர். அவருடைய குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்பட்டதில்லை. கட்டிலுக்கு வந்த எலும்பு டாக்டரிடமும் அவர் கேட்டது ஒன்றுதான்: "என்ற பேத்தி கல்யாணத்துக்கு ஊடு ஊடாப் போய்ச் சொல்லோணும். நடக்க வெச்சிருவீங்களா?"

ஆக, டம்ளரில் பல் இருந்தது. நர்ஸ் வந்து பார்த்து, சரி என்று தலையசைத்துவிட்டுப் போனார். ஏழு மணிக்கு ஒரு பெண் வந்து மருந்துச் சீட்டைக் கொடுத்துக் கீழே மருந்துக்கடையில் வாங்கி வரச் சொன்னார். அண்ணனை அறையில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். கடையில் கூட்டம். கையுறை முதல் மூச்சுக்குழாய் வரை எல்லாவற்றையும் நோயாளியின் வீட்டார்தான் வரிசையில் நின்று வாங்க வேண்டும்.

நான் பையோடு மேலே வந்தபோது நடைபாதையில் சிரிப்புச் சத்தம். பள்ளிபாளையத்திலிருந்து சம்பந்தி வந்திருந்தார், மாப்பிள்ளையின் அப்பா. தறிப் பட்டறை வைத்திருப்பவர். ஆபரேஷனுக்கு முன்னால் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று சொந்தக்காரர்களை ஒரு கார் நிறைய ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் பெஞ்சில் இருந்தன. அப்பாவைத் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வாசல்வரை ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு போன சம்பந்தி அதைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நர்சுப் புள்ள கேக்குது, 'தாத்தா, பல் செட்டு எதும் வாயில இல்லீங்களே'ன்னு. மாமன் சொல்றாரு, 'செட்டா? எனக்கெதுக்குச் சாமி செட்டு, போன பொங்கலுக்குக் கரும்பு கடிச்சனே'ன்னு. அந்தப் புள்ள முழிக்குது. மனுசன் இரும்பாட்டம் இருக்கறாருங்க."

அண்ணனும் சிரித்தான். நான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். டம்ளரில் தண்ணீர் மட்டும் இருந்தது.

அண்ணனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவிய மேல வாரோம்னு போன் பண்ணுனாங்க. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றான். "பொக்க வாயோட சம்பந்திகிட்ட எப்படிப் பேசுவாரு? அவிய போனதும் கழட்டிக்குவாருன்னு நெனச்சேன். அதுக்குள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க."

"டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லுங்கண்ணா."

"இரு, அவியெல்லாம் நிக்கறாங்க. கீழ காப்பிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு மெதுவாச் சொல்லிக்கலாம்."

நான் போய்த் தியேட்டர் மணியை அழுத்தினேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்த நர்ஸிடம் வாயில் பல் செட்டு இருப்பதைச் சொன்னேன். அவர், "இல்லைன்னு அவரே சொன்னாரேம்மா" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். சிறிது நேரத்தில் பச்சை உடையில் ஒருவர் வெளியே வந்து, காது மூக்குத் தொண்டை டாக்டரை உடனே வரச் சொல்லிப் போனில் பேசினார்.

கடைசியில் மயக்க மருந்து டாக்டரே வெளியே வந்தார். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு எங்களிடம் சொன்னார். மருந்து கொடுத்துத் தசைகள் தளர்ந்ததும், குழாய் விடுவதற்காக நாக்கைத் தூக்கும் கருவியை வாய்க்குள் விட்டிருக்கிறார். அது இடித்துத் தகடு கழன்று தொண்டைக்குள் போய்விட்டது. கொக்கிக் கம்பி குரல்வளைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்டார்கள், ஆனால் கிழிந்திருக்கிறது, வீக்கம் ஏறுகிறது. குழாயை எடுக்க முடியாது, எலும்பை இன்று தொட முடியாது.

"கழட்டினதை நர்ஸ் பார்த்திருந்தாங்க. வாசல்லயும் கேட்டிருக்காங்க" என்றார். பிறகு, "இருந்தாலும் நான் இன்னொரு தடவை வாயைத் திறந்து பார்த்திருக்கணும்" என்றார்.

மாவட்டச் செய்தியாளராக இருந்த காலத்தில் ஆஸ்பத்திரி வாசல்களில் நிறைய நின்றிருக்கிறேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்ன டாக்டரை நான் கண்டதில்லை. அண்ணனும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். மாலைக்குள் அவன் முன்பாதியை வெட்டிவிட்டான். போனில் ஒவ்வொருவரிடமும் ஒரே வரி: "பாத்திருக்கோணும்னு டாக்டரம்மாவே ஒத்துக்கிச்சுங்க." ஒரு மேற்கோளை எங்கே வெட்ட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வீக்கம் வடியவில்லை. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். எலும்பு ஆபரேஷன் பிறகு நடந்தது, நன்றாகவே நடந்தது. குரல் நாண் ஒன்று அசையவில்லை என்றும், இனி குரல் வருமா என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். அந்தப் பெண் டாக்டர் தினமும் வந்து அப்பாவைப் பார்த்தார். ஒருநாள் சம்பந்தியும் அறையில் இருந்தார்.

"தாத்தா, பல் செட்டு வாயில இருந்தது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அப்பா சம்பந்தியைப் பார்த்தார். பிறகு தெரியாது என்று தலையாட்டினார்.

டாக்டர் குழாயைச் சரிபார்த்துவிட்டுப் போனார். அண்ணன் டாக்டர் மேல் புகார் கொடுத்தான். நாங்கள் வீடு திரும்புவதற்குள் அவர் அந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போயிருந்தார்.

கல்யாணத்துக்கு அழைக்கும் நாட்கள் வந்தன. அப்பா வாக்கரைப் பிடித்து நடந்தார். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கூப்பினார். அழைத்ததெல்லாம் அண்ணன். அழைத்து முடித்ததும் டாக்டர் கதையைச் சொன்னான். கேட்டவர்கள் டாக்டர்களைத் திட்டினார்கள். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டில், அப்பாவுக்குச் சித்தப்பா மகன் முறை ஆனவர், வெற்றிலைத் தட்டைத் தொடவில்லை.

"ஏப்பா, நெசமாவே பேச வரலியா? ரெண்டு வார்த்தைகூடவா? அவன் வாயால சொல்லாம நான் வந்து பந்தல்ல உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"அந்த டாக்டரம்மா பண்ணுன வேலைங்க பெரியப்பா" என்று அண்ணன் தொடங்கினான்.

"டாக்டர் கழட்டச் சொன்னாங்க, கழட்டியுமாச்சு. சம்பந்தி வாராருன்னு மறுபடி போட்டு உட்டோம்" என்றேன் நான்.

அப்பா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். காற்று மட்டும் வரும் வாயால் எதையோ சொல்லப் பார்த்து விட்டுவிட்டார். காருக்குத் திரும்பும்போது அண்ணன் சொன்னான், "உனக்கு ஊடும் ஒண்ணுதான், பேப்பரும் ஒண்ணுதான். இனி நீ வர வேண்டாம் அம்மிணி, ஊட்டுலயே இரு."

அந்தப் பெரியவர் கல்யாணத்துக்கு வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள்.

அப்பாவுக்கு அப்போதும் கஞ்சிக்கு மேல் எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் அண்ணன் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டுபோய் அளவெடுத்து அவருக்குப் புதுப் பல் செட்டு வாங்கிக் கொடுத்தான். மேடையில் சம்பந்திக்குப் பக்கத்தில் அப்பா அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.