சீர்த்தட்டில் போன லேப்டாப்

என் வீட்டுக்காரர் காளியப்பன் போர்வெல் மோட்டார் மெக்கானிக். எண்ணூறு அடிக்குக் கீழே கிடக்கும் மோட்டாரைப் பைப்போடு இழுத்து இழுத்து வலது தோள் ஒரு பக்கமாகச் சரிந்துபோன மனிதர். பேச்சு குறைவு. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். அந்த ஒன்றையும் நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவருடைய தங்கை தீர்த்தம்மாள் பாப்பாரப்பட்டியில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். அண்ணன் வீட்டிலிருந்து சீர் போக வேண்டும். அவள் மகள் காவியா அந்த மாதமே தருமபுரியில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர இருந்தாள். "சீரோட சீரா பாப்பாவுக்கு ஒரு லேப்டாப் வெச்சிரலாம்" என்றார் இவர். காவியா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மாமா, கனமில்லாததா பாத்து வாங்குங்க. பஸ்சுல நின்னுகிட்டே போவணும்." பத்தாவது படிக்கும்போது வண்டியிலிருந்து விழுந்து இடது தோளில் பிளேட் வைத்த பெண் அவள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கூட இருந்தது வேறு யாருமில்லை, நான்தான்.

கடையில் மெல்லிசாக ஒன்றும், பெரிய ஸ்கிரீனோடு ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலையில் இருந்தன. இவர் கடைக்காரரிடம் ஒரு பை கேட்டு வாங்கினார். மெல்லிசானதை அதில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்சில் கம்பியைப் பிடிப்பதுபோல ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம்! பிறகு பெரியதைப் போட்டு இன்னோர் ஐந்து நிமிடம். கடையே திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மானத்த வாங்காதீங்க" என்று பல்லைக் கடித்தேன்.

"மெல்லிசே போதும் அமுதா. மாட்டுனதே தெரியல."

"நல்லாருக்குதே! அத்தினியூண்ட தட்டுல வெச்சா பரிச்ச அட்டையாட்டம் இருக்கும். உங்க மச்சான் வூட்டு சனம் பூரா வந்து நிக்கும். அண்ணன் சீரு இவ்வளவுதானான்னு கேக்க மாட்டாங்களா? பாக்க நெறவா இருக்கணுங்க."

"தூக்கிட்டுப் போறது பாப்பா."

"படிக்கற புள்ளைக்கு இதெல்லாம் ஒரு கனமா?"

அவர் பையைத் தோளிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, பெரியதுக்கே பணத்தை எண்ணிக் கொடுத்தார். பெரியதுக்கு ஸ்பீக்கர் வேறு இலவசமாகக் கொடுத்தார்கள்.

பால் காய்ச்சிய அன்று மேளத்தோடு ஒன்பது தட்டு போனது. லேப்டாப் பெட்டிக்குச் சாமந்தி மாலை போட்டு, நானே முன்னால் தூக்கிப் போனேன். "அடேங்கப்பா, டிவியா?" என்று யாரோ கேட்டார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. காவியா பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு நொடி நின்றாள். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்து, "தேங்க்ஸ் மாமா" என்றாள். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆவணியில் ஒரு நாள் காலையில் தருமபுரிக்குப் போனேன். எனக்கு ஜன்னலோர சீட்டு. பாப்பாரப்பட்டியில் கூட்டம் நெருக்கியடித்து ஏறியது. எங்கள் பஸ்களில் நிற்கிறவர்கள் பை எல்லாம் உட்கார்ந்திருக்கிறவர்கள் மடிக்கு வந்துவிடும். அப்படி ஒரு கறுப்புப் பை கைமாறிக் கைமாறி என் மடிக்கு வந்தது. "யப்பா, கல்லா வெச்சிருக்காங்க?" என்றபடி கொடுத்தாள் பக்கத்துப் பெண். பையின் பட்டையில் துண்டை மடித்துச் சுற்றி ஊக்குக் குத்தியிருந்தது. தோளில் அழுத்தாமல் இருக்கத்தானே?

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு சீட் முன்னால் காவியா. வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது கையை நெஞ்சோடு அணைத்தபடி, முதுகைக் காட்டி நின்றாள். கூப்பிட்டிருக்க வேண்டும், எழுந்து இடம் கொடுத்திருக்க வேண்டும். நான் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். சீ, நானெல்லாம் ஒரு அத்தை! தருமபுரி போய்ச் சேரும்வரை அந்தப் பை என் தொடையில் கனத்துக் கிடந்தது. கால் மரத்தும் நான் நகர்த்தவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பையை வாங்க வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். "அத்த! நீங்களா? கூப்புட்டிருக்கலாமில்ல?"

"தூங்கிட்டேன் கண்ணு." வாய் கூசாமல் சொன்னேன்.

பையை வலது கையால்தான் வாங்கினாள். நான் அவள் தோளைப் பார்ப்பதைக் கவனித்ததும், வேண்டுமென்றே இடது தோளில் மாட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "பழகிருச்சு அத்த. ஒண்ணுமே தெரியல."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மாமாகிட்ட எதுவும் சொல்லிராதீங்க. அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும், பாவம்? ஆசையா வாங்கிக் குடுத்தாரு."

நான்தான் கண்ணு, மாமா இல்லை என்று தொண்டை வரைக்கும் வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி சாமி, சொல்லல" என்றேன்.