அட்டையில் போட்ட ஆறு மணி

நீராவியும் கஞ்சிப்பசையும் கலந்த சூடான மணம் ஒன்று, அந்தக் கடைக் கதவைத் திறந்ததுமே மூக்கில் வந்து அடிக்கும். கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே ஒரு கொரியத் தம்பதி நடத்திய "டிரை கிளீனிங்" கடை அது. அம்மா அங்கே காற்சட்டைகளுக்கு விளிம்பு மடித்துத் தைத்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கேதான் போய் இருப்பேன்.

கொரிய அன்ரி ஆறுதலாக நடந்து நான் பார்த்ததில்லை. மைக்ரோவேவ் மணி அடிப்பதற்குள் அதன் கதவைத் திறந்துவிடுவார், நின்றபடியே சாப்பிடுவார், கரண்டி தேடப் பொறுமையில்லாமல் கோப்பித்தூள் வந்த பையையே சுருட்டிக் கோப்பியைக் கலக்குவார். வாயில் எந்நேரமும் "பல்லி பல்லி". அவர்கள் மொழியில் அதற்குக் கெதியாய், கெதியாய் என்று அர்த்தம். காலப்போக்கில் அம்மா வீட்டில் எங்களைப் "பல்லி பல்லி" என்றும், அன்ரி கடையில் அம்மாவைக் "கெதியா, கெதியா" என்றும் விரட்டப் பழகிவிட்டார்கள்.

நான் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டுக்கு அம்மா இரண்டு சேலைகளைக் கொண்டுவந்து காட்டியபோது, யோசிக்காமல் மாம்பழ நிறத்தைத் தொட்டவர் அன்ரிதான். அந்த விழாவே எனக்குப் பெரிய கூச்சமாக இருந்தது. அந்தச் சேலையோடு அன்ரி முன்னால் போய் நிற்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறு ஆசை இருக்கவில்லை.

அழைப்பு அட்டையில் மாலை ஆறு மணி என்று போட்டிருந்தோம். "ஆறெண்டு போட்டாத்தான் எங்கட சனம் எட்டுக்காவது வருவினம்" என்று அச்சுக்குக் கொடுக்கும்போதே அப்பா சொன்னார். அதைக் கொரியர்களுக்கும் விளக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் ஆறு மணிக்கு முன்பே வந்துவிட்டார்கள். மண்டபத்தில் அலங்காரக்காரர் இன்னும் ஏணியில் நின்றாராம். சும்மா இருக்கத் தெரியாத அன்ரி கதிரைகளை நேராக்கி, மேசை விரிப்புகளின் சுருக்கங்களைக் கையால் நீவிவிட்டிருக்கிறார். அவர் கணவர் பலூன் ஊதியிருக்கிறார். எட்டு மணிவரை பார்த்துவிட்டு, விடிய எழும்பிக் கடை திறக்க வேண்டுமே என்று போய்விட்டார்கள். நான் எட்டரைக்கு உள்ளே வந்தேன். அவர்கள் போய்விட்டதை அம்மா காதில் சொன்னபோது அழுகை வந்தது. மேக்கப் கலையும் என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் அம்மா முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேலைக்குப் போனார். அன்ரி கோபிக்கவில்லை. சேலையைக் கொண்டுவரச் சொல்லி, மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதைத் தன் கையாலேயே சுத்தம் செய்து தேய்த்திருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அது மாட்டியில் தொங்கியது.

"கட்டு. கெதியா!" என்றார் அன்ரி.

அம்மா ஜீன்ஸுக்கு மேலேயே சுற்றிவிட்டார். அன்ரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார். முன்பக்கத்தில் யாரோ வாடிக்கையாளர் மணியை அடித்தார். அன்ரி எழும்பவில்லை. மணி மறுபடியும் அடித்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். அந்த இருவரும் மிசிசாகாப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. எங்கள் விழா அட்டைகளில் மட்டும் இன்றும் ஆறு மணிதான். நான் ஆறுக்கே போய்விடுகிறேன். "அம்மா, ஒருத்தரும் வரேல்லை" என்று மகள் சலித்துக்கொள்கிறாள். கதிரைகளை நேராக்கிக்கொண்டே, கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன். அந்த நேரத்துக்கு வரக்கூடியவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர்தான்.