தொண்ணூறு டிகிரியில் அண்ணி

அண்ணியின் கல்யாணச் சீர் வேனிலிருந்து இறங்கிய அந்த மாசி மாதப் பகல் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பீரோ இறங்கியது, கட்டிலும் மெத்தையும் இறங்கின, பித்தளை அண்டாவை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். கடைசியில் ஒரு பொருள் மட்டும் மிச்சமிருந்தது. கம்பளி சுற்றி, தலையணைகளுக்கு நடுவே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. வேன்காரர் அதில் கை வைக்கப் போனார். ஆரத்திக்காக அண்ணன் பக்கத்தில் வாசலில் நின்றிருந்த புதுப்பெண், "அண்ணே, அதை மட்டும் தொடாதீங்க, நானே எடுத்துக்கிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி விறுவிறுவென்று வேனுக்கு நடந்துவிட்டாள். ஆரத்தித் தட்டோடு அம்மா அப்படியே நின்றாள்.

கம்பளியைப் பிரித்ததும் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே குட்டிக் குட்டி விளக்குகள். பெரியம்மாதான் முதலில் கேட்டாள், "மீன் தொட்டியாம்மா? மீனெல்லாம் எங்க?" அண்ணி சிரித்துக்கொண்டே, "மீன் தொட்டி இல்லைங்க பெரியம்மா. கம்ப்யூட்டர். இதுல நான் கேம் விளையாடுவேன்" என்றாள். பெரியம்மா என் அம்மாவைப் பார்த்த பார்வையில் ஒரு கல்யாணத்தையே நிறுத்திவிடலாம். நல்லவேளை, தாலி ஏறிவிட்டிருந்தது.

நான் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். பேராவூரணிப் பக்கத்திலிருந்து கணக்கு டீச்சர் ஒருத்தி அண்ணியாக வரப்போகிறாள் என்று சொன்னபோது, என் அரியர் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாளோ என்றுதான் பயந்தேன். வந்தவளோ மாடி அறையில் அந்தப் பெட்டியை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். விசிறிகள் மெல்ல உறுமிச் சுழன்றன, நீலமும் ஊதாவுமாக வெளிச்சம் ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்பக்கத்து வலைக்குப் பின்னாலிருக்கும் விசிறிகள் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பின்னாலும் மேலேயும் இருப்பவை சூடான காற்றை வெளியே தள்ளும். நடுவில் தடித்த புத்தகம் மாதிரி குறுக்கே படுத்திருப்பதுதான் கிராபிக்ஸ் கார்டு. திரையில் ஓடும் அத்தனை படங்களையும் வரைவது அதன் வேலை. வரைய வரைய அதற்குச் சூடு ஏறும். எத்தனை டிகிரி என்று திரையின் மூலையில் ஒரு சின்ன எண் காட்டிக்கொண்டே இருக்கும்.

"எழுபது வரைக்கும் அது பாட்டுக்கு ஓடும்" என்று அண்ணி விளக்கினாள். "எண்பதைத் தாண்டுனா நான் பயப்பட ஆரம்பிச்சுடுவேன். தொண்ணூறு வந்துச்சுன்னா அதுவே பயந்துக்கிட்டு வேகத்தைக் குறைச்சுக்கும். படம் திக்கித் திக்கி வரும். அதுக்குள்ள எதிராளி நம்மளைச் சுட்டுட்டுப் போயிட்டே இருப்பான்."

பார்க்கத்தான் ஆள் சாது. ஹெட்போனை மாட்டிவிட்டால் வேறு பெண். ஐந்து பேர் கொண்ட அணியில் அவள் ஒருத்தி. மற்ற நால்வரும் வேறு வேறு ஊர்க்காரர்கள், ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. எதிரணி எந்தச் சந்து வழியாக வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. அவள் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் எதிராளி வந்து நிற்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் கல்யாணக் கலாட்டாவில் பல வாரங்கள் அவளால் விளையாட முடியவில்லை. அதற்குள் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் அவள் இடத்தில் ஆடிப் பழகிவிட்டான். பெரிய போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பு ஒரு தேர்வு ஆட்டம் வைத்துப் பார்க்கலாம், அதில் அண்ணி எப்படி ஆடுகிறாளோ அதை வைத்து முடிவு செய்யலாம் என்று கேப்டன் சொல்லியிருந்தான். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து தன்னோடு வந்ததில் அந்த ஒரு இடத்தை மட்டுமாவது விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு எந்தப் பொருளும் உறை இல்லாமல் இருக்கக் கூடாது. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ஃப்ரிட்ஜின் தலைக்கும் கைப்பிடிக்கும் தனித்தனி உறை, கேஸ் சிலிண்டருக்குக் கூடப் பூப்போட்ட உறை. எங்கள் வீட்டில் சட்டை போடாமல் திரிந்தது சீலிங் ஃபேன் மட்டும்தான். வீட்டுக்குப் பின்னால் வயல். மாசியில் அறுவடை மெஷின் இறங்கினால் தூசியும் பதரும் ஜன்னல் வழியாக வந்து கொட்டும். அதனால் அம்மா மேல் முழுக்கக் குற்றமும் சொல்ல முடியாது. கல்யாணமான இரண்டாம் வாரமே டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து பெட்டியை நீளம், அகலம், உயரம் என்று அளந்தாள். "ஒண்ணும் வேண்டாம் அத்தை" என்று அண்ணி இழுத்ததை அவள் மரியாதைக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள்.

உறை வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு அழகு. அம்மா இந்த வீட்டுக்கு முதன்முதலில் வந்தபோது கட்டியிருந்த கத்தரிப்பூ நிறப் புடவையை வெட்டித் தைத்திருந்தாள். எனக்கே பாவாடை தைக்கத் தராமல் பீரோவில் பூட்டி வைத்திருந்த புடவை அது. கண்ணாடிப் பக்கம் விளக்குகள் தெரியட்டும் என்று ஜன்னல் மாதிரி வெட்டி விட்டிருந்தாள். முன்பக்கம், காற்று உள்ளே போகும் வலைக்கு மேலே, கொசுவம் வைத்த சுருக்கு. மேலே, சூடான காற்று வெளியேறும் இடத்தில், இரட்டைத் துணி. தூசி அங்கேதானே விழும்! அண்ணி அதைத் தடவிப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு அத்தை" என்றாள். அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அன்றிலிருந்து கிராபிக்ஸ் கார்டு வேக ஆரம்பித்தது.

பங்குனி பிறந்ததும் எண்பதைத் தொட்டது. நாங்கள் இரண்டு பேரும் செய்யாத வைத்தியமில்லை. கார்டுக்கு அடியில் இன்னொரு விசிறி வாங்கி மாட்டினோம். மேசையை ஜன்னலோரம் தள்ளினோம். அம்மா காய்கறி வாங்கப் போகும் நேரம் பார்த்து உறையைக் கழற்றுவோம், கேட் சத்தம் கேட்டதும் நான் ஓடிவந்து மாட்டுவேன். அவசரத்தில் கோணலாக மாட்டிவிட்டேன் போலிருக்கிறது. நாடா தளர்ந்துபோய்விட்டதென்று அம்மா நினைத்துக்கொண்டாள். கெட்டியான புது நாடா தைத்து நான்கு மூலையிலும் இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டாள். அதன் பிறகு அந்த முடிச்சை அவிழ்ப்பதற்குள் அம்மா சந்தைக்குப் போய்ச் சமைத்தும் முடித்துவிடுவாள்.

"சொல்லிடுங்க அண்ணி" என்று ஒருநாள் எனக்கே கோபம் வந்துவிட்டது. "எங்க அம்மா ஒண்ணும் பேய் இல்ல."

"வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. அவங்க புடவையையே வெட்டித் தச்சுக் கொடுத்திருக்காங்க. எந்த வாயால வேண்டாங்கிறது?"

"அப்ப நான் சொல்றேன்."

"நீ சொன்னா நான்தான் சொல்லிவிட்டேன்னு ஆயிடும். அது இன்னும் மோசம்."

அந்த வாரத்துப் பயிற்சி ஆட்டத்தில் எண் தொண்ணூற்றொன்றுக்குப் போய், படம் இழுத்துக்கொண்டு நின்று, அண்ணி சுவரைப் பார்த்தபடியே செத்துப்போனாள். ஞாயிற்றுக்கிழமையும் இப்படி ஆனால் கோயம்புத்தூர்ப் பையனையே வைத்துக்கொள்வோம் என்று கேப்டன் மரியாதையாகச் சொல்லிவிட்டான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவள் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையாக வந்தது.

எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை குத்தாலத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த ஒரு காதுகுத்து. அப்பாவும் அம்மாவும் போய்விடுவார்கள், நிதானமாக முடிச்சை அவிழ்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். ஆனால் என் அண்ணன் இருக்கிறானே, அன்று காலை தோசை சாப்பிடும்போது, இன்று இவளுக்குப் பெரிய ஆட்டம் என்று உளறிவிட்டான். அம்மா உடனே, "நீயும் அப்பாவும் காதுகுத்துக்குப் போயிட்டு வாங்க. மருமகளுக்குப் பரீட்சை மாதிரி இருக்கறப்ப நான் எப்படி வர்றது?" என்று சொல்லிவிட்டாள். மத்தியானம் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து, பெட்டிக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. உறை அதன் நான்கு முடிச்சுகளோடு கம்பீரமாக நின்றது. அண்ணி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

என்ன ஆட்டம் அது! தொடக்கத்திலேயே அண்ணி வெளுத்து வாங்கினாள். இரண்டு அணியும் சமம் சமமாகவே வந்தன. மூலையில் எண் எழுபத்தெட்டு, எண்பத்திரண்டு, எண்பத்தைந்து என்று ஏறியது. என் கண் அதை விட்டு நகரவில்லை. அம்மா கண்ணும் அங்கேதான் இருந்தது. "எண்பத்தாறு!" என்று என் காதில் கிசுகிசுத்தாள். "நல்லா மார்க் வாங்குறாளே!"

நான் திகைத்துப்போனேன். அம்மா அதை மார்க் என்று நினைத்துவிட்டாள். கணக்கு டீச்சர் விளையாடும் விளையாட்டில் ஏறிக்கொண்டே போகும் எண் வேறு என்னவாக இருக்க முடியும்? எண்பத்தெட்டு வந்தபோது என் தொடையில் ஒரு தட்டு தட்டினாள். எண்பத்தொன்பதுக்கு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டாள். "சென்டம் அடிச்சிருவாடி!"

தொண்ணூறு. கடைசிச் சுற்று. அண்ணியின் அணியில் இரண்டு பேர்தான் மிச்சம், எதிரே மூன்று பேர். படம் ஒரு தடவை வெட்டி இழுத்தது. மறுபடியும் இழுத்தது. மௌஸிலிருந்து கையை எடுக்க முடியாது, கண்ணைத் திருப்ப முடியாது. அண்ணி கத்தினாள். அந்த வீட்டில் அவள் குரல் அதுவரை அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

"அத்தை! அந்த உறையைக் கழட்டுங்க!"

உயிர் போகிற அவசரத்திலும் அந்த 'ங்க' மட்டும் விட்டுப்போகவில்லை பாருங்கள். அம்மா துள்ளி எழுந்து முடிச்சில் கை வைத்தாள். அவளே போட்ட இரட்டை முடிச்சு, அவளுக்கே அவிழவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தாள். அவ்வளவுதான், முழங்கால் வலிக்காரி பக்கத்து அறைக்கு ஓடினாள், தையல் கத்தரியோடு திரும்பி வந்தாள். நாடாவை மட்டும் வெட்டுவாள் என்று பார்த்தால், மேல்துணியின் நடுவே கத்தரியை விட்டு, கத்தரிப்பூப் புடவையைச் சர்ரென்று இரண்டாகக் கிழித்து இரண்டு பக்கமும் உரித்துப் போட்டாள். அடைபட்டிருந்த காற்று முகத்தில் அடுப்பங்கரை அனலாக வந்து மோதியது.

எண்பத்தொன்பது. எண்பத்தாறு. எண்பத்தொன்று. அம்மா பதறிவிட்டாள். "ஐயையோ, குறையுதேடி! என்னால மார்க் குறையுதே!"

"குறையணும்மா! அது மார்க் இல்ல, சூடு!"

படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. முதல் ஆளை அண்ணி படிக்கட்டில் வைத்தே முடித்தாள். இரண்டாவது ஆள் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்த சந்திலிருந்தே வந்தான். மூன்றாவது ஆளை அவளுடைய கூட்டாளி பார்த்துக்கொண்டான். ஜெயித்ததும் நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மைக் திறந்தே இருந்ததால் அண்ணி கத்தியது மொத்த அணிக்கும் கேட்டிருக்கிறது. மலையாளிப் பையன் ஒருவன் 'உறை' என்பது விளையாட்டில் ஏதோ புது இடம் என்று நினைத்து, அது எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். கேப்டன் மட்டும், "சிஸ்டர், உங்க இடம் உங்களுக்குத்தான். அத்தைக்கும் தேங்க்ஸ் சொல்லிடுங்க" என்றானாம்.

ஹெட்போனைக் கழற்றியதும் அண்ணி தரையில் கிடந்த துணியைப் பார்த்தாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. "மன்னிச்சிடுங்க அத்தை, உங்க புடவை..." என்று குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

அம்மாவுக்கு நிஜமாகவே கோபம். ஆனால் புடவைக்காக இல்லை. "ரெண்டு மாசமா உள்ள இது வேகுறது தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்திருக்கே. ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்? புடவை பீரோவுல கிடந்த புடவைதானே. நீ இங்க வாழ வந்த பொண்ணு இல்லையா?" என்று பொரிந்து தள்ளினாள். பிறகு முந்தானையால் அண்ணியின் முகத்தைத் துடைத்துவிட்டு, "இனிமே மனசுல எதையும் வச்சுக்கிட்டுப் புழுங்காதே. பட்டுன்னு சொல்லிடு" என்றாள்.

இப்போது நான் சென்னையில் வேலையில் இருக்கிறேன். வீட்டுக்கு ஃபோன் செய்தால் அம்மா வெயிலைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அண்ணியின் கார்டு எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று சொல்கிறாள். எழுபத்தைந்தைத் தாண்டினால் அவளே போய் ஜன்னலைத் திறந்து வைக்கிறாளாம். பெரியம்மா வந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, முன்னால் இழுக்கும், பின்னால் தள்ளும் என்று பாடமே நடத்துகிறாள். அண்ணி அணியோடு ஊர் ஊராகப் போட்டிக்குப் போய் வருகிறாள். எங்கள் வீட்டில் மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்கிறவர் யாரென்று கேட்டால், இன்று எல்லோரும் அவளைத்தான் கை காட்டுவார்கள்.

அது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. காதுகுத்திலிருந்து அப்பாவும் அண்ணனும் திரும்பி வந்த பிறகு, இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தோம். அம்மா சாதம் போட்டு ரசம் ஊற்றினாள். அண்ணி ஒரு வாய் சாப்பிட்டாள். கொஞ்சம் யோசித்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, பட்டுன்னு சொல்லச் சொன்னீங்க..."

"சொல்லும்மா."

"ரசத்துல உப்பு ஜாஸ்திங்க. தினமும்."

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. நானும் அண்ணனும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். தன் கல்யாண நாளிலிருந்து அந்த ரசத்தை ஒரு வார்த்தை பேசாமல் குடித்து வந்த அப்பா மட்டும், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, அண்ணியை நன்றியோடு பார்த்தார்.