இடதுகால் சிட்னியில், வலதுகால் மெல்பேர்னில்

எழுபதுகளில் சிட்னியின் லிட்கம் பகுதியில் ஒரு சப்பாத்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் தட்டுகளைத் துடைத்தபோது கவனித்தேன்: சப்பாத்துத் தைக்கும் மர அச்சுகள், நாங்கள் லாஸ்ட் என்போம், எல்லாமே இடதுகாலுக்கானவை. வலது எங்கே என்று முதலாளி வால்டரிடம் கேட்டேன். மெல்பேர்னில் தம்பி பிராங்கிடம் என்றார்.

இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில் பரம்பரையாகச் சப்பாத்துத் தைத்த குடும்பம். பிள்ளைகள் பிரியக் கூடாதென்று தகப்பன் இடது லாஸ்ட்களை மூத்தவருக்கும் வலதை இளையவருக்கும் எழுதிவைத்தார். இருவரும் கப்பலேறி இங்கே வந்து, வந்த வருடமே கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு நகரமாகப் பிரிந்தார்கள். அதன்பின் ஒவ்வொரு சோடியிலும் இடதை நாங்கள் தைத்தோம். வலது மெல்பேர்னிலிருந்து ரயிலில் வந்தது. புதிய லாஸ்ட் வாங்குவோம் என்று பலமுறை சொன்னேன். அது அப்பாவின் சொல்லை மீறுவதாம்.

சிவம் என்ற நம்மவருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. கறுப்புத் தோல் சப்பாத்து கட்டாயம். அவருடைய அகலப் பாதத்துக்குக் கடைகளில் எதுவும் பொருந்தவில்லை. எங்களிடம் சொல்லிவைத்தார். வேலை தொடங்குவது திங்கட்கிழமை. வலது வந்து சேர்ந்தது வெள்ளி மாலை. போட்டுப் பார்த்தவர் நொண்டினார். அளந்தேன். இடது குதி வலதைவிடக் கால் அங்குலம் உயரம்.

வால்டர் பிராங்குக்கு டெலிபோன் எடுத்தார். அப்பா வைத்த உயரம் தன்னுடையதே என்று இருவரும் சாதித்தார்கள். அரைமணி நேரப் பேச்சில் தாத்தா, பூட்டன் எல்லோரும் வந்துபோனார்கள்.

"அண்ணை, இவையின்ர பூட்டனே திங்கக்கிழமை எனக்குப் பதிலா வேலைக்குப் போறார்?" என்றார் சிவம்.

நான் கத்தியை எடுத்து இடது குதியில் ஓர் அடுக்குத் தோலைக் கழற்றி, தேய்த்து, ஆணி அடித்தேன். சிவம் வாசல்வரை நேராக நடந்து திரும்பினார்.

வால்டர் டெலிபோனைப் பொத்திக்கொண்டு, "ஆரின்ர குதியில கை வைச்சனீர்?" என்றார்.

"உயரமானதில."

அது பிராங்குக்கும் கேட்டுவிட்டது. அவர் சிரித்த சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது.

திங்கட்கிழமை சிவம் வேலைக்குப் போனார். அன்று காலையே வால்டர் வலது லாஸ்ட்களுக்கு ஓடர் கொடுத்தார். மூன்று வருடம் நான் நியாயம் சொல்லி நடக்காதது தம்பியின் ஒரு சிரிப்பில் நடந்தது.

குடும்பக் கடையில் வேலைக்குச் சேரும் இளைஞர்களே, வேலை நேரத்தைக் கேட்குமுன் முதலாளியின் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.